‘நான் பார்க்கவில்லை’ என்று சொல்ல முடியாதவர்கள்

வக்கீல் நோட்டீஸ் என்றாலே நம் ஊரில் பலருக்கு அடிவயிறு கலங்கும். வாடகை பாக்கி, பாகப்பிரிவினை, திரும்பிவந்த காசோலை என்று எதற்காவது ஒன்று பதிவுத் தபாலில் வந்து சேர்ந்தால் அன்றைக்கு அந்த வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது. நோட்டீஸ் என்பது வக்கீல் அனுப்புவது, மற்றவர்கள் வாங்கிக்கொண்டு விழிப்பது என்றே நாம் பழகியிருக்கிறோம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தொழில் செய்யும் சொலிசிட்டர்களிடம் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். ஒழுங்குமுறை ஆணையத்தின் எச்சரிக்கை, சங்கத்தின் வழிகாட்டுக் குறிப்பு, நீதிமன்ற விதித் திருத்தம், நேற்றைய தீர்ப்பு, மூடப்பட்ட அலுவலகத்தைப் பற்றிய அறிவிப்பு, போலி மின்னஞ்சல் பற்றிய விழிப்பூட்டல் என்று அவர்கள் மேசைக்கும் நோட்டீஸ்கள் ஓயாமல் வருகின்றன.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். சட்டத் தொழிலில் அறிவிப்பு ஒன்று முறைப்படி வெளியானதும், நட்டம் ஒருவர் தலையிலிருந்து இன்னொருவர் தலைக்கு மாறுகிறது. வெளியாகும்வரை ‘எனக்குத் தெரியாதே’ என்பது ஒரு பதில். வெளியான பிறகு அது பதிலாகாது. படித்தீர்களா என்று யாரும் கேட்பதில்லை. படித்திருக்க வேண்டியவர் நீங்கள், அவ்வளவுதான்.

சொலிசிட்டர் என்பவர் யார்? இங்கிலாந்தில் வழக்கறிஞர் தொழில் இரண்டு கிளையாகப் பிரிந்திருக்கிறது. கட்சிக்காரரை நேரில் பார்ப்பது, பத்திரம் எழுதுவது, வீடு விற்பனையை முடித்துக்கொடுப்பது, உயில் தயாரிப்பது, வழக்குக் கோப்பை நடத்துவது பெரும்பாலும் சொலிசிட்டரின் வேலை. உயர் நீதிமன்றங்களில் எழுந்து நின்று வாதாடுவது பெரும்பாலும் பாரிஸ்டரின் வேலை. தனித் தகுதி பெற்றுவிட்டால் சொலிசிட்டரும் அங்கே வாதாடலாம். யாழ்ப்பாணத்துப் பெரியவர்களுக்கு இந்தப் பிரிவினையை விளக்கவே வேண்டியதில்லை. அப்புக்காத்து, பிரக்கிராசி என்று இரண்டு சொற்களை அவர்கள் புழங்கியிருக்கிறார்கள். முன்னவர் வாதாடுபவர், பின்னவர் கோப்பு பார்ப்பவர். இலங்கையில் 1974 தொடக்கத்தில் இரு கிளைகளும் ஒன்றாகிவிட்டன. பிரக்கிராசிக்கு ஆங்கிலத்தில் வழங்கிய ‘புரொக்டர்’ என்ற பட்டம் ஒரு காலத்தில் இங்கிலாந்திலும் இருந்தது. திருச்சபை நீதிமன்றங்களில் புரொக்டர், பொதுச்சட்ட நீதிமன்றங்களில் அட்டர்னி, சான்சரி நீதிமன்றத்தில் சொலிசிட்டர். 1873ஆம் ஆண்டின் நீதித்துறைச் சட்டம் நீதிமன்றங்களை ஒன்றாக்கியபோது மூன்று பட்டங்களும் சொலிசிட்டர் என்ற ஒரே பெயருக்குள் அடங்கின.

இன்று ஒருவர் சொலிசிட்டராகத் தொழில் செய்ய 1974ஆம் ஆண்டின் சொலிசிட்டர்கள் சட்டம் மூன்று நிபந்தனைகள் வைக்கிறது. சொலிசிட்டராக அனுமதிக்கப்பட்டிருக்க வேண்டும். பெயர்ப் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும். நடப்புத் தொழில் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும். முதல் இரண்டும் ஒருமுறை வாய்த்தால் பொதுவாக நிலைத்துவிடும். மூன்றாவது ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியது. அக்டோபர் மாதம் முழுக்கப் புதுப்பிப்புக் காலம், நவம்பர் 1 அன்று புதிய தொழில் ஆண்டு பிறக்கும். தகுதியில்லாமல் சொலிசிட்டராகச் செயல்படுவது அங்கே கிரிமினல் குற்றம் என்பதால், செப்டம்பர் கடைசியிலிருந்தே நினைவூட்டல்கள் வரத் தொடங்கும்.

நினைவூட்டுவது யார் என்பதில்தான் புதியவர்கள் குழம்புகிறார்கள். லண்டனில் சான்சரி லேன் என்ற தெருவில் லா சொசைட்டி இருக்கிறது. 1825இல் தொடங்கிய சங்கம். நெடுங்காலம் அதுவே சொலிசிட்டர்களுக்காகப் பரிந்து பேசியது, அதுவே அவர்களைத் தண்டிக்கவும் செய்தது. தாய்மாமனே நீதிபதியாக உட்கார்ந்த மாதிரி. இது சரிப்படாது என்று 2004இல், அரசு நியமித்த சர் டேவிட் கிளமென்டியின் ஆய்வறிக்கை சொன்னது. அதையடுத்து 2007இல் சொலிசிட்டர்கள் ஒழுங்குமுறை ஆணையம் தனியாகச் செயல்படத் தொடங்கியது. அதன் தலைமையகம் பர்மிங்காமில். சங்கமும் ஆணையமும் இன்று இரண்டு வேறு குரல்கள். சங்கம் வெளியிடும் நடைமுறைக் குறிப்பு ஒரு நல்ல மூத்தவரின் அறிவுரை. அதை மீறினால் காரணம் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும், அத்தோடு சரி. ஆணையத்தின் எச்சரிக்கை அறிவிப்புக்குப் பல் உண்டு. எந்த அறிவிப்பைக் கையில் எடுத்தாலும், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று படிப்பதற்கு முன் தலைப்பில் யாருடைய பெயர் இருக்கிறது என்று பார்ப்பவரே அனுபவசாலி.

எச்சரிக்கை அறிவிப்பு சட்டமன்றம் இயற்றிய சட்டமன்று, ஆணையத்தின் விதியும் அன்று. ஏற்கெனவே இருக்கும் விதிகளை ஒரு குறிப்பிட்ட சிக்கலுக்கு ஆணையம் எப்படிப் பொருத்தும் என்பதை முன்கூட்டியே சொல்லிவைப்பது. உங்கள்மேல் நடவடிக்கை எடுக்க நேர்ந்தால் இந்த அறிவிப்பையும் கணக்கில் கொள்வோம் என்று அதிலேயே எழுதியிருக்கும். அந்த ஒரு வரியில்தான் சுமை கைமாறுகிறது. 2018 மார்ச்சில் வந்த அறிவிப்பு வாயடைப்பு ஒப்பந்தங்களைப் பற்றியது. பாலியல் தொல்லைக்கு ஆளான ஊழியருக்குப் பணம் கொடுத்து, ‘வெளியே மூச்சுவிடக் கூடாது’ என்று கையெழுத்து வாங்கும் ஒப்பந்தங்கள் அவை. குற்றத்தைப் பற்றிக் காவல்துறையிடமோ ஒழுங்குமுறை அமைப்பிடமோ புகார் செய்வதைத் தடுக்கும் வாசகத்தை எழுதித்தராதீர்கள் என்று ஆணையம் சொன்னது. 2022 நவம்பரில் வந்தது வேறொன்று. பத்திரிகையாளர்களையும் விமர்சகர்களையும் செலவாலும் மிரட்டலாலும் வாயடைக்கச் செய்யும் அவதூறு வழக்குகளைப் பற்றியது. சும்மா பயமுறுத்துவதற்காக வக்கீல் கடிதம் எழுதிக்கொடுக்கும் பழக்கத்துக்கு அது வைத்த குட்டு நம் ஊர் அலுவலகங்கள் சிலவற்றுக்கும் பொருந்தும். ஆனால் அது இந்தக் கட்டுரையின் வேலை அன்று.

இன்னொரு எச்சரிக்கையை அருகில் வைத்துப் பார்க்கலாம். சொலிசிட்டர் நிறுவனத்தில் கட்சிக்காரர் பணத்துக்கென்று தனி வங்கிக் கணக்கு உண்டு. வீடு வாங்குபவர் தரும் தொகை, சமரசத்தில் வந்த இழப்பீடு எல்லாம் அங்கேதான் நிற்கும். நிறுவனத்தின் சொந்தப் பணம் அதில் கலக்கக் கூடாது. இப்போது பழைய கட்சிக்காரர் ஒருவர், கட்டடத் தொழில் செய்பவர் என்று வைத்துக்கொள்வோம், போன் செய்கிறார். ‘மனை விற்ற பணம் உங்களிடம்தானே இருக்கிறது, அதிலிருந்தே மகனின் பள்ளிக் கட்டணத்தைக் கட்டிவிடுங்கள், செங்கல்காரருக்கு இவ்வளவு அனுப்பிவிடுங்கள்’ என்கிறார். அவருடைய பணம், அவரே சொல்கிறார், இதில் என்ன தவறு? மனை விற்பனை முடிந்துவிட்டது, இந்தப் பட்டுவாடாவுக்கு அடியில் சட்டப் பணி எதுவும் இல்லை. அப்படியானால் சொலிசிட்டர் வங்கியாகிவிட்டார். கறுப்புப் பணத்துக்கு ஒரு மரியாதையான கணக்கின் வழியாக நடந்துபோகும் பாதை கிடைத்துவிட்டது. கணக்கு விதிகள் இதைத் தடுக்கின்றன. எச்சரிக்கை அறிவிப்பும் இதைத் தனியே எடுத்துச் சொல்கிறது. கட்டடக்காரர் நேர்மையானவராகவே இருந்தாலும் விதி உடைந்தது உடைந்ததுதான். ஆணையம் தானாகவே விதிக்கக்கூடிய அபராதத்தின் பொது உச்சவரம்பு 2,000 பவுண்டாக இருந்தது; 2022 ஜூலையில் அது 25,000 பவுண்டாயிற்று. அதற்கு மேல் கடுமையானவை ஒழுங்கு நடவடிக்கைத் தீர்ப்பாயத்துக்குப் போகும். அங்கே பதிவேட்டிலிருந்து பெயரை அடிக்கவும் முடியும்.

இனி, சொலிசிட்டரே பிறருக்காக வெளியிடும் அறிவிப்பு ஒன்றைப் பார்ப்போம். அறிவிப்பு என்றால் என்ன என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டுவது எதுவுமில்லை என்பது என் எண்ணம். ஒருவர் இறந்துவிடுகிறார். உயிலில் நிறைவேற்றுநராகப் பெயர் குறிக்கப்பட்டவர் கடன்களைத் தீர்த்துவிட்டு மீதியை வாரிசுகளுக்குப் பிரித்துக்கொடுக்க வேண்டும். யாருக்கெல்லாம் கடன் இருந்தது என்று செத்தவரைக் கேட்க முடியாது. எல்லாவற்றையும் பிரித்துக்கொடுத்த பிறகு ஒருவர் வந்து, ‘எனக்கு 40,000 பவுண்டு தர வேண்டும்’ என்று நின்றால், நிறைவேற்றுநர் தன் கைக்காசிலிருந்து கொடுக்க நேரலாம். இந்தப் பயத்துக்கு மருந்தாக 1925ஆம் ஆண்டின் அறங்காவலர் சட்டம், 27ஆம் பிரிவில் ஒரு வழி வைத்திருக்கிறது. லண்டன் கெஜட்டில் அறிவிப்பு கொடுக்க வேண்டும். நிலம் இருந்தால் அந்த வட்டாரத்தில் விற்கும் செய்தித்தாளிலும் கொடுக்க வேண்டும். இறந்தவரின் பெயர், கடைசி முகவரி, இறந்த நாள், உரிமை கோருபவர் எழுத வேண்டிய முகவரி, கடைசித் தேதி. அந்தத் தேதி குறைந்தது இரண்டு மாதம் தள்ளியிருக்க வேண்டும். தேதி கடந்துவிட்டால், அதுவரை தெரியவந்த கடன்களை மட்டும் கணக்கில் வைத்துச் சொத்தைப் பிரிக்கலாம். பிறகு வரும் கடன் கொடுத்தவர் நிறைவேற்றுநரைத் தொட முடியாது. வாரிசுகள் கைக்குப் போன சொத்தைத் தேடிப்போகும் உரிமை மட்டும் அவருக்கு மிஞ்சும். அந்தக் கடன் இருந்தது நிறைவேற்றுநருக்கு முன்பே தெரிந்திருந்தால் அறிவிப்பு அவரைக் காப்பாற்றாது.

லண்டன் கெஜட்டைப் புரட்டி யார் படிக்கிறார்கள் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. கொள்ளைநோய்க்கு அஞ்சி இரண்டாம் சார்லஸ் மன்னரின் அரசவை ஆக்ஸ்போர்டில் தங்கியிருந்த 1665 நவம்பரில், ஆக்ஸ்போர்டு கெஜட் என்ற பெயரில் தொடங்கிய அரசிதழ் அது. இன்று காலைக் காப்பியோடு அதை விரித்து, பக்கத்துத் தெருக்காரர் இறந்த செய்தியைத் தேடுபவர் எவரும் இருக்கப்போவதில்லை. சட்டத்துக்கு அது பொருட்டே இல்லை. ஊரறியச் சொல்ல வேண்டிய இடம் இது என்று சட்டம் ஓர் இடத்தைக் குறித்துவைத்திருக்கிறது, அங்கே சொல்லியாகிவிட்டது. முச்சந்தியில் தண்டோரா போட்டாயிற்று. உன் காதில் விழுந்ததா இல்லையா என்பது உன் பாடு.

இதற்கு நேர் எதிரான நிலையும் உண்டு. தகவல் போய்ச் சேர்ந்துவிட்டது, ஆனால் அறிவிப்பு சேரவில்லை என்று நீதிமன்றம் சொன்ன வழக்கு அது. தன் முன்னாள் சொலிசிட்டர்கள்மேல் கவனக்குறைவுக்காக வழக்குத் தொடுத்த ஒருவர், வக்கீல் வைத்துக்கொள்ளாமல் தானே வழக்கை நடத்தினார். வழக்கு மனுவை எதிர்த்தரப்புக்குச் சார்பு செய்ய, அதாவது முறைப்படி கையில் சேர்ப்பிக்க, அங்கே நான்கு மாத அவகாசம் உண்டு. அவருக்கு அது முடியும் நாள் 2013 ஜூன் 25. முந்தின நாள் எதிர்த்தரப்புச் சொலிசிட்டருக்கு மின்னஞ்சலில் மனுவை அனுப்பினார். கிடைத்தது என்று தானியங்கிப் பதில்கூட வந்தது. ஆனால் விதி என்ன சொல்கிறது? மின்னஞ்சலில் சார்பு செய்ய வேண்டுமானால், பெறுபவர் அதற்குச் சம்மதம் என்று முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்திருக்க வேண்டும். அவர்கள் தெரிவித்திருக்கவில்லை. மறுநாள் மனு காலாவதி ஆயிற்று. வழக்குத் தொடுப்பதற்கான கால வரம்பும் கடந்துபோயிற்று. 2018 பிப்ரவரியில் ஐக்கிய இராச்சியத்தின் உச்ச நீதிமன்றம் மூன்றுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. பிழையைச் சுட்டிக்காட்டும் கடமை எதிர்த்தரப்புக்கு இல்லை என்றும் சொன்னது. ஐந்து நீதிபதிகளில் இருவருக்கு மனம் ஒப்பவில்லை. எனக்கும் ஒப்பவில்லை. மனு கையில் கிடைத்ததை யாரும் மறுக்கவில்லையே! இருந்தாலும் அந்தத் தீர்ப்பு வெளியான மறுநாளிலிருந்து எந்தச் சொலிசிட்டரும் ‘மின்னஞ்சல் போதும் என்று நினைத்தேன்’ என்று சொல்லிப் பார்க்க முடியாது.

விதிகள் நேரத்தைக்கூட விட்டுவைப்பதில்லை. சம்மதம் இருந்து, வழக்கு மனு அல்லாத வேறோர் ஆவணத்தை வேலைநாள் ஒன்றில் மாலை 4.30க்கு முன் மின்னஞ்சலில் அனுப்பினால், அன்றே சேர்ந்ததாகக் கொள்ளப்படும். வெள்ளிக்கிழமை 4.31க்கு அனுப்பினால் திங்கட்கிழமைதான் சேர்ந்ததாகக் கணக்கு. அந்தத் திங்கள் வங்கி விடுமுறையானால் செவ்வாய். எதிர்த்தரப்பு வெள்ளிக்கிழமை 4.32க்கே அதைத் திறந்து படித்துச் சிரித்திருந்தாலும் கணக்கு மாறாது.

உரிமையியல் நடைமுறை விதிகள் 1999இல் நடைமுறைக்கு வந்தன. வழக்கமாக ஏப்ரலிலும் அக்டோபரிலும் அவற்றில் திருத்தங்கள் வருகின்றன. தீர்ப்புச் செய்திகளைத் தொடர்ந்து படிப்பவருக்கு அடுத்த திருத்தம் எந்தத் திசையிலிருந்து வரும் என்று முன்பே மணக்கும். பக்கத்து நிலத்திலிருந்து படர்ந்துவரும் ஜப்பானிய நாட்வீட் என்ற களைச்செடியைப் பற்றி வேல்ஸில் ஒருவர் உள்ளூர் மன்றத்தின்மேல் வழக்குப் போட்டார். நீதிமன்றத்துக்கு வெளியே பேசித் தீர்த்துக்கொள்ளும்படி இரு தரப்பையும் நீதிமன்றம் கட்டாயப்படுத்தலாமா என்ற பெரிய கேள்வி அந்தக் களைச்செடிக்குள்ளிருந்து முளைத்தது. கட்டாயப்படுத்தலாம் என்று 2023 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. 2024 அக்டோபர் 1 முதல் அது விதிகளுக்குள்ளேயே ஏறிவிட்டது. அந்தத் தீர்ப்பைச் செய்தியாகப் படித்துவிட்டுக் கடந்துபோனவர், பத்து மாதம் கழித்துக் கட்சிக்காரரிடம் ‘சமரசப் பேச்சுக்குப் போக வேண்டிய அவசியமில்லை’ என்று சொல்லிக்கொண்டிருந்தால் யார் பிழை?

இன்னும் புதியது 2025 ஜூன் 6 அன்று வந்த தீர்ப்பு. செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் கற்பனையாக உருவாக்கித்தந்த முன்தீர்ப்புகளை நீதிமன்றத்தில் மேற்கோள் காட்டிய இரண்டு விவகாரங்கள் லண்டன் உயர் நீதிமன்றத்தின் முன் சேர்ந்து வந்தன. அவற்றுள் ஒன்றில் காட்டப்பட்ட 45 முன்தீர்ப்புகளில் 18 உலகத்திலேயே இல்லை. வேடிக்கை என்னவென்றால், அவற்றைத் தேடிக்கொடுத்தவர் கட்சிக்காரரே. சொலிசிட்டர் அவற்றைச் சரிபாராமல் நம்பிவிட்டார். இத்தகைய கருவிகளைப் பற்றிய வழிகாட்டுக் குறிப்புகள் முன்பே வெளியாகியிருந்தன. குறிப்பு வெளியிட்டால் மட்டும் போதாது, தொழிலை நடத்துபவர்களும் மேற்பார்வை செய்பவர்களும் நடைமுறையில் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று நீதிபதிகள் கடுமையாகச் சொன்னார்கள். சொன்னதோடு நிற்காமல், அடுத்த முறை இப்படி ஒன்று வந்தால் அந்த ஏற்பாடுகள் செய்யப்பட்டிருந்தனவா என்று கேட்போம் என்றும் எழுதிவைத்தார்கள். தீர்ப்பே நோட்டீஸாகிவிட்டது.

அறிவிப்புகளில் மிகவும் கலக்கம் தருவது ‘தலையீடு’. நேர்மையின்மை என்ற சந்தேகம் எழுந்தாலோ, கணக்கு விதிகள் உடைந்தாலோ, தனியாகத் தொழில் நடத்திய சொலிசிட்டர் இறந்துபோனாலோ, ஆணையம் அந்த அலுவலகத்தை மூடித் தன் கையில் எடுத்துக்கொள்ளலாம். முகவர்கள் வந்து கோப்புகளை எடுத்துப்போவார்கள். கட்சிக்காரர் பணக் கணக்கு ஆணையத்தின் வசமாகும். அதை எதிர்த்து உயர் நீதிமன்றம் போக எட்டு நாள் அவகாசம். அறிவிப்பு வெளியானதும் ஊரிலுள்ள மற்றச் சொலிசிட்டர்கள் தங்கள் கோப்புகளைத்தான் முதலில் திறப்பார்கள்: அந்த அலுவலகத்துக்குப் பணம் அனுப்ப இருந்தோமா, அவர்கள் தந்த வாக்குறுதி எதையாவது நம்பிக்கொண்டிருக்கிறோமா?

2023 அக்டோபரில் ஒரு பெரிய நிறுவனத்தில் இப்படித் தலையிட்டபோது காணாமல்போயிருந்த கட்சிக்காரர் பணம் 6 கோடி பவுண்டுக்கும் மேல். ஆணையத்துக்கு மேலே ஒரு மேற்பார்வை வாரியம் உண்டு. அது ஏற்பாடு செய்த ஆய்வு, முன்னறிகுறிகள் இருந்தும் ஆணையம் போதிய வேகத்தோடு செயல்படவில்லை என்று 2024இல் குறைகூறியது. ‘நான் பார்க்கவில்லை’ என்ற பதில் எச்சரிக்கை அனுப்புகிறவருக்கும் செல்லுபடியாகவில்லை.

போலிகளைப் பற்றிய விழிப்பூட்டல்கள் சின்னவை, ஆனால் பொதுமக்களும் படிக்க வேண்டியவை. உண்மையான நிறுவனத்தின் பெயரில் ஓர் எழுத்தை மாற்றிய முகவரியிலிருந்து, ‘எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, வீட்டுப் பணத்தை இந்த எண்ணுக்கு அனுப்புங்கள்’ என்று மின்னஞ்சல் வரும். வீடு விற்பனைகள் பல வெள்ளிக்கிழமை முடிவதால், வெள்ளி மதிய மோசடி என்றே இதற்குப் பெயர். லண்டனில் வீடு வாங்கும் நம் உறவினர்கள் யாராவது இருந்தால் சொல்லிவையுங்கள்: அப்படி ஒன்று வந்தால் அந்த மின்னஞ்சலில் உள்ள எண்ணை அழைக்கக் கூடாது, முதல் நாள் சந்திப்பில் வாங்கிய எண்ணை அழைக்க வேண்டும்.

இவ்வளவையும் ஒருவர் படிக்கிறாரா என்று யார் பார்க்கிறார்கள்? முன்பு ஆண்டுக்கு 16 மணி நேரம் தொடர்கல்வி என்று கணக்கு இருந்தது. பயிற்சி அரங்கின் கடைசி வரிசையில் தூங்கினாலும் மணி நேரம் ஏறிவிடும். 2016 நவம்பரிலிருந்து அந்தக் கணக்குக் கட்டாயம் இல்லை. அதற்குப் பதிலாக, அக்டோபரில் சான்றிதழைப் புதுப்பிக்கும்போது ஓர் உறுதிமொழி கேட்கிறார்கள்: என் தொழிலை நான் திரும்பிப் பார்த்தேன், கற்க வேண்டியதைக் கண்டறிந்து கற்றுக்கொண்டேன். கட்டத்தில் ஒரு குறி இட்டால் போதும், மேசைமேல் பிரிக்காத அறிவிப்புகள் எத்தனை கிடக்கின்றன என்று அன்றைக்கு யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. பிறகு எப்போதாவது புகார் ஒன்று வந்தால், அந்தக் குறியையும் சேர்த்தே எடுத்து வைப்பார்கள்.